குதிரை உயரம்: கெஜத்துக்கும் ‘கை’க்கும் கணக்கு இடிக்கிறதே, எங்கே தப்பு?

லாயக்கணக்கு (கேள்வி)

வணக்கம். பிரிட்டன், அமெரிக்காவில் வரும் குதிரை விற்பனைப் பட்டியல்களை ஒரே எக்செல் தாளில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உயரம் எல்லாம் ‘எச்.எச்.’ (ஹேண்ட்ஸ் ஹை, இத்தனை கை உயரம்) என்று போட்டு 14.2, 15.1, 16 என்று கையளவில் வருகிறது. வேலி, கயிறு, துணி போன்றவற்றை ஏற்கெனவே கெஜத்தில் பதிந்து வைத்திருப்பதால், உயரத்தையும் கெஜத்துக்கு மாற்றிவிடலாம் என்று தொடங்கினேன்.

1 கை = 4 அங்குலம், 1 கெஜம் = 36 அங்குலம், ஆக 1 கெஜம் = 9 கை. இது வரை குழப்பமில்லை. ஆனால் 15.2 கையை 9ஆல் வகுத்தால் 1.689 கெஜம் வருகிறது. அதே குதிரைக்கு விளம்பரத்தின் கீழே 62 அங்குலம் என்று போட்டிருக்கிறார்கள். 62ஐ 36ஆல் வகுத்தால் 1.722. திருப்பி 1.722ஐ 9ஆல் பெருக்கினால் 15.5 வருகிறது, 15.2 வரவில்லை. எங்கே தப்பு?

கூடவே இரண்டு சந்தேகம். ஒன்று, சில வரிசைகளில் 15.5 என்றும் இருக்கிறது, அதை எப்படி எடுத்துக்கொள்வது? இரண்டு, போனி (குட்டைக் குதிரை) வகுப்புக்கு ஒரு இடத்தில் 14.2 கை என்றும் இன்னோர் இடத்தில் 148 செ.மீ. என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

---

நாலங்குலம்

9ஆல் வகுப்பது சரி. வகுத்த எண்தான் தப்பு. 15.2இல் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. முன்னால் இருப்பது முழுக் கை, பின்னால் இருப்பது மிச்ச அங்குலம். 15.2 என்றால் 15 கையும் 2 அங்குலமும். அதாவது 15 × 4 + 2 = 62 அங்குலம். உங்கள் விளம்பரத்தில் இருப்பதும் அதுதான். தசமமாக எழுதினால் அது பதினைந்தரைக் கை, 15.5. நீங்கள் திருப்பிப் பெருக்கியபோது வந்த 15.5 அதைத்தான் சொல்கிறது. இரண்டும் ஒரே உயரம், எழுத்துமுறை மட்டும் வேறு.

15.2ஐத் தசமமென்று எடுத்தால் 60.8 அங்குலம் ஆகிவிடும். 1.2 அங்குலம், அதாவது 3 செ.மீ. போய்விட்டது. குதிரை உயரத்தில் 3 செ.மீ. என்பது ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குத் தள்ளக்கூடிய வித்தியாசம்.

நாலு அங்குலம் சேர்ந்தால் அடுத்த கை ஆகிவிடும். அதனால் புள்ளிக்குப் பின்னால் 0, 1, 2, 3 மட்டுமே வர முடியும். 15.3க்கு அடுத்த அங்குலம் 16. இதிலிருந்தே 15.5 என்ற வரிசைக்கும் பதில் கிடைத்துவிடும்: அந்த எழுத்துமுறையில் 15.5 என்று ஒன்று கிடையாது. எழுதியவர் தசமமாக ‘பதினைந்தரை’ என்று நினைத்திருந்தால் அது 15.2. ஆனால் தட்டச்சில் விரல் தவறியும் இருக்கலாம். அதே குதிரைக்கு அங்குலமோ சென்டிமீட்டரோ போட்டிருந்தால் ஒப்பிட்டுத் திருத்துங்கள். இல்லாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். இதில் இன்னொரு வம்பு உண்டு. ஒரே பட்டியலில் 15.5 என்று தசமமாக எழுதுகிற ஆள் இருந்தால், அவர் எழுதிய 15.25 என்பது 15.1 ஆகும். அவர் வரிசைகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி. கால் கெஜம் 9 அங்குலம், அது 2 கை 1 அங்குலம். அதனால் கால் கெஜத்துக்கு ஒருமுறை ஏறினால் இப்படி வரும்:

1 கெஜம் = 9.0 கை
1¼ கெஜம் = 11.1 கை
1½ கெஜம் = 13.2 கை
1¾ கெஜம் = 15.3 கை
2 கெஜம் = 18.0 கை

சவாரிக் குதிரைகளில் பெரும்பாலானவை 1½ கெஜத்துக்கும் 2 கெஜத்துக்கும் நடுவில் அடங்கிவிடும். இந்த ஐந்து எண்ணும் மனத்தில் இருந்தால், தாளில் வருகிற விடை தாறுமாறாக இருப்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். இடைப்பட்டதை அங்குலத்தில் கூட்டிக்கொள்ளலாம். 16.1 என்றால் 15.3க்கு மேல் 2 அங்குலம், ஆக 1 கெஜம் 29 அங்குலம்.

என் கருத்து, உயரத்தைக் கெஜத்தில் வைக்கவே வைக்காதீர்கள். 1.722 கெஜம் என்று சொன்னால் எந்தக் குதிரைக்காரருக்கும் உருவம் தெரியாது. அங்குலத்தை மட்டும் சேமித்து வையுங்கள். கை, கெஜம், செ.மீ. மூன்றையும் அதிலிருந்து காட்டிக்கொள்ளலாம்.

---

எக்செல் ஏகாம்பரம்

மேலே சொன்னதை எக்செல்லில் செய்யும்போது வருகிற சிக்கல்களைச் சொல்கிறேன். இவற்றில் பாதி வெளியில் தெரியாமலே கெடுக்கும்.

பலரும் முதலில் செய்வது இது: 15.2இலிருந்து முழு எண் 15ஐக் கழித்து, மீதியை 10ஆல் பெருக்கி, ‘இன்ட்’ ஃபங்ஷனால் முழு எண்ணாக வெட்டுவது. கணினியில் 15.2 என்பது உள்ளுக்குள் 15.2ஐ விட ஒரு துளி குறைவாகத்தான் இருக்கும். கழித்துப் பெருக்கினால் 1.9999… என்று வரும், வெட்டினால் 1 ஆகிவிடும். ஒரு அங்குலம் காணாமல் போய்விட்டது. எல்லா வரிசையும் தப்பாக வந்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி வராது. 14.3, 15.3, 16.3 சரியாக வரும். 14.2, 15.2, 16.2 மூன்றிலும் ஒன்று குறையும். 15.1 தப்பாகும், 16.1 சரியாகும். இரண்டு மூன்று வரிசையைச் சோதித்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடுவோம். ‘இன்ட்’டுக்குப் பதில் ‘ரவுண்ட்’ போட்டால் இது தீரும். ஆனால் அரை அங்குலம் வந்தால் ‘ரவுண்ட்’ அதை விழுங்கிவிடும்.

அதனால் புள்ளியை நம்பவே வேண்டாம். கைக்கு ஒரு காலம் (நெடுக்குப் பத்தி), அங்குலத்துக்கு ஒரு காலம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிய தரவு என்றால் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ போய், பிரிக்கும் குறியாகப் புள்ளியைக் கொடுங்கள். வெறும் 16 என்று இருக்கும் வரிசையில் இரண்டாவது காலம் காலியாக நிற்கும், கூட்டும்போது அது பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு மூன்றாவது காலத்தில் கை × 4 + அங்குலம். இனி எல்லாக் கணக்கும் இந்த மூன்றாவது காலத்திலிருந்துதான்.

கெஜத்துக்கு அதை 36ஆல் வகுக்க வேண்டும். செ.மீ. வேண்டுமானால் 2.54ஆல் பெருக்க வேண்டும். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து கெஜத்தை 0.9144 மீட்டர் என்று நிர்ணயித்தன. அதிலிருந்து அங்குலம் 2.54 செ.மீ., கை 10.16 செ.மீ. என்று துல்லியமாகவே வந்துவிடுகிறது, தோராயம் எதுவும் இதில் இல்லை.

திரும்பிப் போகும் வழிதான் கவனமாகச் செய்ய வேண்டியது. 162.3 செ.மீ. என்று ஒரு ஐரோப்பியக் குதிரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.16ஆல் வகுத்தால் 15.97 கை. முழு எண் 15ஐ எடுத்துக்கொண்டு, மீதி 0.97ஐ 4ஆல் பெருக்கி முழுமையாக்கினால் 4 அங்குலம். தாளில் ‘15.4’ என்று நிற்கும்! அப்படி ஓர் உயரமே கிடையாது. வரிசையை மாற்றுங்கள். முதலில் மொத்த அங்குலத்தைக் கண்டு முழுமையாக்க வேண்டும்: 162.3 ÷ 2.54 = 63.9, ஆக 64. பிறகு 4ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 0. விடை 16.0. மீதியை எடுக்க ‘மாட்’ ஃபங்ஷன் இருக்கிறது. முழுமையாக்குவது முதலில், பிரிப்பது பிறகு.

இன்னும் சில:

15-2 என்றோ 15/2 என்றோ அடித்தால், இந்தியத் தேதி அமைப்பில் இருக்கும் எக்செல் அதைப் பிப்ரவரி 15 ஆக்கிவிடும். பிறகு அந்தக் கட்டத்தில் இருப்பது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஒரு தேதி எண். கெஜமாக மாற்றினால் குதிரை மேகத்துக்கு மேல் போய்விடும். தரவை ஒட்டும் முன்பே காலத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

சராசரி எடுக்கும்போது புள்ளி எண்களை அப்படியே கொடுக்கக் கூடாது. 14.3, 15.1 இரண்டின் சராசரியை எக்செல் 14.7 என்று சொல்லும். உண்மையில் 59உம் 61உம், சராசரி 60 அங்குலம், அதாவது 15.0. கழித்தலும் அப்படித்தான். 16.1இலிருந்து 15.3ஐக் கழித்தால் 0.8 என்று காட்டும், இருப்பதோ 2 அங்குலம். வேடிக்கை என்னவென்றால் ஏறுவரிசை, இறங்குவரிசை மட்டும் சரியாக வரும், ஏனென்றால் புள்ளிக்குப் பின் 3ஐத் தாண்டுவதில்லை. வரிசை சரியாக நிற்பதைப் பார்த்து மற்றதும் சரியென்று நம்பிவிடுகிறார்கள்.

அங்குலக் காலத்துக்கு ‘டேட்டா வாலிடேஷன்’ போட்டு, 0 முதல் 4க்குக் கீழ் வரை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 15.5 மாதிரி வரிசைகள் வாசலிலேயே நின்றுவிடும்.

---

கடிவாளம்

கணக்கை இருவரும் சொல்லிவிட்டார்கள். 14.2க்கும் 148க்கும் வருகிறேன், அது வெறும் கணக்கு அல்ல.

14.2 கை = 58 அங்குலம் = 147.32 செ.மீ. ஆனால் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு போனிக்கு வைத்திருக்கும் வரம்பு லாடம் இல்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149 செ.மீ. ஆக இரண்டும் ஒன்றல்ல. நடுவில் 7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. 147.6 செ.மீ. உள்ள குதிரை 148 வகுப்பில் நுழைந்துவிடும், ‘14.2க்கு மேல் கூடாது’ என்று கையளவில் கறாராகச் சொல்லும் இடத்தில் வெளியே நிற்கும். பிரிட்டனில் 128, 138, 148 செ.மீ. என்று மூன்று போனி வகுப்புகள். பேச்சுவழக்கில் அவை 12.2, 13.2, 14.2. துல்லியமாக மாற்றினால் 127.0, 137.16, 147.32. மூன்றிலுமே செ.மீ. வரம்பு கொஞ்சம் தாராளம். அமெரிக்காவில் சிறிய போனி 12.2 வரை, நடுத்தரம் அதற்கு மேல் 13.2 வரை, பெரியது 14.2 வரை.

அதனால் உங்கள் தாளில் ‘வகுப்பு’ என்று ஒரு காலம் இருந்தால், அதை உயரத்திலிருந்து மாற்றி எழுத வேண்டாம். விதிப்புத்தகம் எந்த அலகில் சொல்கிறதோ அந்த அலகிலேயே ஒப்பிடுங்கள்.

அதோடு, விளம்பரத்தில் இருக்கும் உயரம் எப்படி அளந்தது என்று தெரியாதவரை மூன்றாவது தசமம் வரை கெஜம் கணக்கிடுவதில் பொருளில்லை. உயரம் என்பது தலை வரைக்கும் அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள்களுக்கு நடுவே இருக்கும் எலும்பு மேட்டின் உச்சியிலிருந்து தரை வரை, நேர்செங்குத்தாக. அளக்கும்போது:

தரை கடினமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மணலிலும் புல்லிலும் குளம்பு அமிழும், கோலும் அமிழும், இரண்டும் ஒரே அளவு அமிழாது. சிமென்ட் தளம் நல்லது, ஆனால் லாயங்களில் தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள், அதை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னங்கால் இரண்டும் ஒரே கோட்டில், நேராக ஊன்றியிருக்க வேண்டும். ஒரு காலைத் தளர்த்தி நின்றால் அளவு மாறும். தலையை மிகவும் தூக்கவோ தாழ்த்தவோ விடாமல் இயல்பான நிலையில் பிடிக்க வேண்டும்.

மிரண்ட குதிரை விறைத்து நிற்கும், அளவு கூடிக் காட்டும். கோலைப் பக்கத்தில் கொண்டுபோனதும் துள்ளுகிற குதிரையை முதலில் கோலோடு பழக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

லாடம் இருந்தால் குறித்துவையுங்கள். கூட்டமைப்பின் விதியே லாடத்துக்கு 1 செ.மீ. இடம் விட்டிருக்கிறது.

கருவி என்றால், செங்குத்துக் கோலும் அதில் ஏறி இறங்கும் குறுக்குக் கையும், அந்தக் குறுக்குக் கையில் ஒரு ரசமட்டமும் வேண்டும். தையல்காரர் டேப்பை வைத்து அளக்கவே கூடாது. முதல் காரணம், அது 60 அங்குலத்தோடு முடிந்துவிடும், அதாவது சரியாக 15.0 கை. அதற்கு மேல் உள்ள குதிரைக்கு டேப்பைத் தூக்கி மறுபடி வைக்கும்போது பிழை புகும். இரண்டாவது காரணம் பெரியது: டேப் தோளின் வளைவோடு ஒட்டிப் போகும், உயரம் கூடும். விளம்பரங்களில் 16க்கு மேல் காட்டிவிட்டு நேரில் 15.3 நிற்கும் குதிரைகள் பலவற்றுக்கு இதுவே விளக்கம். மற்றவற்றுக்கு விளக்கம் விற்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

---

லாயக்கணக்கு

அனைவருக்கும் நன்றி. இரண்டு காலமாகப் பிரித்துவிட்டேன், வரிசைகள் பொருந்துகின்றன. 15.5 போட்டவர் தசமக்காரர்தான், அவர் பட்டியலில் 14.75உம் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம். 21.2½ என்று ஒரு குதிரையைப் பற்றிக் குறிப்பு பார்த்தேன், அரை அங்குலத்தை எங்கே வைப்பது? பழைய வடநாட்டு ஆவணம் ஒன்றில் துணிக்கும் ‘கை’ என்றே கணக்கிருக்கிறது, அதற்கும் இதே 4 அங்குலமா? கடைசியாக, உயரத்தில் கெஜம் வேண்டாமென்றால் குதிரை விஷயத்தில் கெஜம் எங்கேதான் உதவும்?

---

நாலங்குலம்

அரை அங்குலம் அங்குலக் காலத்தில் 2.5 என்று போகட்டும். 21 × 4 + 2.5 = 86.5 அங்குலம், 2 கெஜம் 14½ அங்குலம், 219.71 செ.மீ. நீங்கள் பார்த்தது சாம்ப்சனாக இருக்கும். 1846இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் பிறந்த ஷயர் என்ற பாரமிழுக்கும் இனக் குதிரை, பதிவானவற்றில் மிக உயரமானது. மறுகோடியில் தம்பெலினா என்ற குட்டை இனக் குதிரை: 17.5 அங்குலம், அதாவது 4.1½ கை. அரைக் கெஜம்கூட இல்லை. இந்த இரண்டையும் உங்கள் தாளில் சோதனை வரிசைகளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக மாறினால் நடுவில் உள்ளவற்றுக்குக் கவலையில்லை.

---

கெஜக்கோல்

பழைய ஆவணத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 4 அங்குலக் கை குதிரை உயரத்துக்கு மட்டுமானது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1540இல், சட்டப்படி 4 அங்குலம் என்று நிலைத்தது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று ஆங்கிலம் புழங்கும் நாடுகளில் குதிரைக்கு மட்டும் இன்றும் ஓடுகிறது. துணியை அதில் அளப்பதில்லை.

வடநாட்டுத் துணிக்கணக்கில் ‘கை’ என்று வருவது ‘ஹாத்’. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, நம் முழம். ஆங்கிலேயர் காலத்தில் பொதுவாக 18 அங்குலம், கெஜத்தில் பாதி. குதிரைக் கையில் சொன்னால் நாலரை. அதை 4 அங்குலமென்று எடுத்தால் துணி நாலரை மடங்கு சுருங்கிவிடும்.

கெஜமும் எல்லா இடத்திலும் 36 அங்குலமல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வடமேற்கு மாகாணங்களில் நிலத்தை அளக்க ‘இலாஹி கெஜம்’ இருந்தது, 1825இல் ஆங்கிலேயர் அதை 33 அங்குலமென்று வைத்தார்கள். நில ஆவணமென்றால் எந்தக் கெஜம் என்று பார்க்காமல் பெருக்காதீர்கள். 100 கெஜத்தில் 300 அங்குலம், அதாவது 25 அடி வித்தியாசம் வரும்.

---

தாண்டல்தளம்

குதிரை விஷயத்தில் கெஜம் தரையில்தான் உதவும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தடை தாண்டும் தளம்.

போட்டிக்கு முன் சவாரி செய்பவர் தளத்தில் நடந்து, தடைகளுக்கு இடையிலான தூரத்தைக் காலடியால் அளப்பார். ஒவ்வொரு காலடியும் சரியாக 1 கெஜம் வருமாறு பழகிக்கொள்வார்கள். குதிரை கேன்டரில் (நடுத்தர வேகப் பாய்ச்சலில்) ஓடும்போது ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி, அதாவது 4 கெஜம், மனிதருக்கு நாலு காலடி. தடையைத் தாண்டி இறங்குவதற்கு 2 காலடி, அடுத்த தடைக்கு முன் எழும்புவதற்கு 2 காலடி என்று ஒதுக்க வேண்டும். ஆக இரு தடைகளுக்கு நடுவே 8 காலடி வந்தால் ஒரு பாய்ச்சல், 12 வந்தால் இரண்டு, 16 வந்தால் மூன்று. 14 வந்தால் யோசிக்க வேண்டும்: இரண்டை நீட்டி ஓடுவதா, மூன்றைச் சுருக்கி ஓடுவதா என்று.

இங்கேதான் கையளவு உள்ளே வருகிறது. 4 கெஜப் பாய்ச்சல் முழுவளர்ச்சிக் குதிரைக்கு. 12.2 கைப் போனியின் பாய்ச்சல் அவ்வளவு நீளாது. குதிரைக்கு வைத்த 8 கெஜ இடைவெளியில் சிறிய போனியை விட்டால், ஒரு பாய்ச்சலில் எட்டாமல் நடுவில் அரைகுறையாக இன்னொன்று வைக்கப் பார்க்கும், தடைக்கு மிக அருகில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் வகுப்பு மாறும்போது இடைவெளியையும் குறைத்து அமைக்கிறார்கள். உயரத்துக்கும் பாய்ச்சலுக்கும் நேரடி விகிதமும் இல்லை. 15.2 கைக் குதிரை ஒன்று 16.2ஐ விட நீளமாகப் பாயலாம். ஆகவே கையளவிலிருந்து இடைவெளிக்கு ஒரு சூத்திரம் தேட வேண்டாம்.

காலடியை டேப்பால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். கெஜத்துக்குப் பதில் மீட்டர் நீளத்துக்குக் காலடி வைத்துப் பழகியவருக்கு 12 காலடியில் கிட்டத்தட்ட 1 மீட்டர் கூடிவிடும். 12 கெஜ இடைவெளி ஏறத்தாழ 11 மீட்டர்தான், அதனால் அவர் எண்ணிக்கை 11இல் நின்றுவிடும். அவர் அதைக் குறுகிய தூரமென்று நினைத்துக் குதிரையைப் பிடித்து இழுப்பார்.

போலோவும் கெஜத்தில்தான். மைதானம் 300 கெஜ நீளம், பக்கப் பலகை இருந்தால் 160 கெஜ அகலம், கோல் கம்பங்களுக்கு நடுவே 8 கெஜம். குதிரை உயரம் மட்டும் கையில். போலோவின் தாய்வீடான மணிப்பூரின் போனி 11 முதல் 13 கைதான், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் கெஜத்திலிருந்து ஒன்றரைக்கும் கீழே. இப்போது உலகப் போட்டிகளில் ஓடுபவை பெரும்பாலும் 15 கையை ஒட்டியவை, பெயர் மட்டும் இன்னும் ‘போனி’. பிரிட்டிஷ் பந்தயத் தூரத்திலும் கெஜம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்சம் டெர்பி பந்தயம் 1 மைல் 4 ஃபர்லாங் 6 கெஜம்: 1760 + 880 + 6 = 2646 கெஜம். 9ஆல் பெருக்கினால் 23,814 கை. இப்படி யாரும் சொல்வதில்லை, உங்கள் தாள் சொல்லுமானால் ஏதோ ஒரு காலம் தவறி ஒட்டியிருக்கிறது.

---

லாயக்கணக்கு

மிகத் தெளிவு. துணிக் காலத்தை மட்டும் கெஜத்தில் விட்டுவிடுகிறேன். 15.3 கைக் குதிரைக்குப் போர்வை தைக்க எத்தனை கெஜம் என்று உயரத்திலிருந்து சொல்ல முடியுமா?

---

கடிவாளம்

உயரத்திலிருந்து சொல்ல முடியாது. போர்வை அளவு என்பது நீளம். மார்பின் நடுவிலிருந்து தோளைச் சுற்றி, பக்கவாட்டில் நேராகப் பின்தொடை முனை வரை டேப் பிடிக்க வேண்டும். தையல்காரர் டேப் இங்கே சரி, ஏனென்றால் போர்வையும் அந்த வளைவோடுதான் போகும். அளவு 6 அடி 3 அங்குலம் வந்தால் 75 அங்குலம், அது 2 கெஜம் 3 அங்குலம். அதே 15.3இல் ஒடிசலான குதிரைக்கு 6 அடியும், பருமனானதற்கு ஆறரை அடியும் வரலாம்.

36 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள பருத்தித் துணியில், முதுகின் நடுவே தையல் வருமாறு இரண்டு துண்டு வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 75 + மடிப்புக்கு 3 = 78 அங்குலம். இரண்டுக்கும் 156. நனைத்தால் சுருங்குவதற்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் ஏறத்தாழ 164 அங்குலம், 4.55 கெஜம். கடையில் 4¾ கெஜம் கேளுங்கள். மீட்டரில் கிழிக்கும் கடையென்றால் 4.35 மீட்டர். ‘4¾ கெஜம்தானே’ என்று நாலேகால் மீட்டரில் நிறுத்தினால் வால்மறைப்புக்கும் மார்புப் பட்டைக்கும் துண்டு மிஞ்சாது. வெட்டும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் முதலில் பிடிப்பது தோளைத்தான், அந்த இடத்தில் மயிர் தேய்ந்து புண்ணாகும்.